பொதுமக்களுக்கு அன்றாட இயற்பியலை விளக்கிச் சொல்லக் கல்லூரி மாணவர்கள் நேரம் செலவிடுவது வீண்தானே?

கேள்வியின் தொனியைப் பார்த்தால், உங்களைக் கேட்காமலேயே துறையில் யாரோ உங்கள் பெயரை இந்த மாதிரி நிகழ்ச்சிக்கான பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. எரிச்சல் நியாயமானதுதான். வீண் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் முதுகலை இயற்பியல் படித்தபோது இப்படிப் பொதுமக்களுக்கு விளக்க நாங்கள் போட்ட மேசையில் ஒரே அளவில் ஓர் அலுமினியத் தகடு, ஒரு பிளாஸ்டிக் தகடு, கொஞ்சம் பனிக்கட்டி இருக்கும். அவ்வளவுதான். வருகிறவர்களை இரண்டு தகட்டையும் தொடச் சொல்வோம். அலுமினியம்தான் சில்லென்று இருக்கிறது என்பார்கள். "சரி, பனிக்கட்டி எதன்மேல் சீக்கிரம் உருகும்?" பிளாஸ்டிக் என்று அடித்துச் சொல்வார்கள். வைத்துப் பார்த்தால் அலுமினியத்தின் மேல் கண்ணெதிரே கரைந்து ஓடும். பிளாஸ்டிக்கின் மேல் வைத்தது அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இரண்டு தகடும் அறை வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனால் அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் பிளாஸ்டிக்கைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு. விரலின் சூட்டை மளமளவென்று இழுப்பதால் நமக்குச் சில்லென்கிறது. அதே வேகத்தில் தன் சூட்டைப் பனிக்கட்டிக்குக் கொடுத்துவிடுகிறது.

ஒரு பெரியவர் தகட்டைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ என் விரல் அளக்கிறது வெப்பநிலையே இல்லையா தம்பி?" என்றார். என் வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி. பக்கத்தில் நின்ற சிறுமி, "தகடு கையைவிடச் சூடா இருந்தா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "அப்போ அலுமினியம்தான் பாப்பா அதிகமாச் சுடும்" என்று அவளுக்கு விளக்கிவிட்டார். எனக்கு அங்கே வேலையே இல்லை.

இதெல்லாம் பள்ளிப் பாடம்தானே என்று கருத்துப் பகுதியில் யாராவது வருவீர்கள், தெரியும். வெப்பக் கடத்தல் சமன்பாட்டைத் தூக்கத்தில்கூட எழுதக்கூடிய என் வகுப்புத் தோழர்கள் பலரும் பிளாஸ்டிக் என்றுதான் சொன்னார்கள். பெரிய விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடே 1848இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் ஒற்றை மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு ஒரு சொற்பொழிவுத் தொடரே நடத்தினார், அதுவும் சிறுவர்களுக்காக. அவருக்கு வேறு வேலை இல்லாமலா?

பேச்சோடு பேச்சாக, விமானம் எப்படி மேலே எழும்புகிறது என்பது பற்றி இன்னொன்று. விமான இறக்கையின் மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் பின்முனையில் ஒரே நேரத்தில் சந்திக்கும், அதனால்தான் மேல்காற்று வேகமாகப் போகிறது என்று இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சந்திப்பதில்லை, மேல்காற்று முந்திப் போய்விடும். இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது என்று தேர்வில் எழுதினேன். மதிப்பெண்ணில் கைவைத்தார்கள். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டியும் மாறவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் ஆறவில்லை.

உங்கள் பெயர் பட்டியலில் இருந்தால் போய் நில்லுங்கள். தகடுகள் தடிமனாக இருக்கட்டும், மெல்லியதில் வித்தியாசம் சீக்கிரம் தெரியாது. முதலில் தொடவிட்டு, பதிலை அவர்கள் வாயால் சொல்லவைத்து, அதற்குப் பிறகு பனிக்கட்டியை எடுங்கள்.