இரவு விமானத்தில் பிசினஸ் வகுப்பு: சாப்பாடு லவுஞ்சில், தூக்கம் விமானத்தில்

வாசகர் கேள்வி: நியூ ஜெர்சியின் எடிசனில் வசிக்கிறேன். அடுத்த மாதம் லண்டனில், கேனரி வார்ஃப் பகுதியில், பிற்பகல் 2 மணிக்கு எனக்கு முக்கியமான கூட்டம் ஒன்று இருக்கிறது. நியூவார்க்கிலிருந்து பிசினஸ் வகுப்பில் அலுவலகமே டிக்கெட் எடுத்துத் தருகிறது. மாலை 7 மணி விமானம், இரவு 10 மணி விமானம் ஆகிய இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? விமான நிலையத்தில் பிசினஸ் பயணிகளுக்கென உள்ள ஓய்விடமான லவுஞ்சுக்கு எப்போது போக வேண்டும்? நான் சைவம். கூட்டத்தில் தெளிவாகப் பேசும் அளவுக்குத் தூங்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இந்தத் தடத்தில் நேரம் மிகவும் குறைவு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். நியூவார்க்கிலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பயண அட்டவணையில் ஏறத்தாழ ஏழு மணி நேரம் போட்டிருப்பார்கள். அதில் ஓடுபாதைக்குப் போகும் நேரம், இரவு உணவு பரிமாறும் நேரம், தரையிறங்குவதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பு விளக்கைப் போட்டுக் காலை உணவு கொடுக்கும் நேரம் ஆகியவற்றைக் கழித்தால், எல்லா உபசரிப்பையும் ஏற்றுக்கொண்ட பயணிக்கு மிஞ்சுவது மூன்று மணி நேரத் தூக்கம்தான். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்று பலமாக இருக்கும் குளிர்காலத்தில் அதுவும் குறையும். 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம் ஒன்று, புயல் காற்று பின்னாலிருந்து தள்ளியதால், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. செய்தியில் படிக்கப் பெருமையாக இருந்தாலும், படுக்கைக்காகப் பணம் கொடுத்தவர்களுக்கு அது இழப்பே.

உங்களுக்கு ஏற்றது இரவு 10 மணி விமானம் என்பது என் உறுதியான கருத்து. வழக்கமாகத் தூங்கப் போகும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடல் தூக்கத்தை மிகவும் எதிர்த்து நிற்கும். இரவு 11 மணிக்குப் படுப்பவர் 8 மணிக்கு, அது எவ்வளவு நல்ல படுக்கையாக இருந்தாலும், புரண்டுகொண்டுதான் இருப்பார். மாலை 7 மணி விமானத்தில் வருபவர்கள் கண் அயரும் வேளையில் விளக்கு எரிவதற்கு இதுவே காரணம். 10 மணி விமானமோ உங்கள் உடல் கேட்கும் நேரத்திலேயே படுக்கையைத் தருகிறது. லண்டனில் ஏறத்தாழ காலை 10 மணிக்கு இறங்குவீர்கள். ஒரு மணி நேரம் தாமதமானாலும் கூட்டத்தைப் பிடித்துவிடலாம். உங்கள் கூட்டம் காலை 11 மணிக்கு என்றிருந்தால் மாலை விமானத்தைத்தான் சொல்லியிருப்பேன். காலை 9 மணிக்கு என்றிருந்தால், முதல் நாள் காலையிலேயே புறப்படும் பகல் விமானத்தில் போய் லண்டனில் ஓர் இரவு தங்கச் சொல்லியிருப்பேன்.

லவுஞ்சை உங்கள் சாப்பாட்டு அறையாக வைத்துக்கொள்ளுங்கள். யுனைடெட் விமானமாக இருந்தால், நியூவார்க் சி முனையத்தில் உள்ள போலாரிஸ் லவுஞ்சுக்கு உங்கள் டிக்கெட்டே அனுமதி தரும். கடன் அட்டையோடு வரும் பொதுவான லவுஞ்ச் அட்டைகள் அங்கே செல்லாது. மேசையில் உட்கார்ந்து வரவழைத்துச் சாப்பிடும் உணவகமும் குளியலறைகளும் அங்கே உண்டு. இரவு 7 மணிக்கெல்லாம் உள்ளே சென்று, வரவேற்பு மேசையிலேயே குளியலறைக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஐரோப்பா செல்லும் விமானங்கள் வரிசையாகப் புறப்படுவதால் காத்திருக்க நேரலாம். 8 மணிக்குள் சாப்பாட்டை முடித்து, குளித்து, உறங்குவதற்கு ஏற்ற தளர்வான பருத்தி உடைக்கு மாறிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கான சட்டையை விமானப் பணியாளரிடம் கொடுத்தால் மாட்டி வைப்பார். பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு செய்வதில்லை. ஆகவே நேரத்தை நீங்களே பார்த்துக் கிளம்ப வேண்டும்.

சைவ உணவைப் பொறுத்தவரை, பயணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே இணையத்தில் ‘ஏசியன் வெஜிடேரியன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்திய முறையில் சமைத்த சைவம் அதுதான். நீங்கள் விமானத்தில் சாப்பிடப் போவதில்லை என்றாலும் பதிந்து வையுங்கள், ஓடுபாதையிலேயே இரண்டு மணி நேரம் நிற்க நேர்ந்தால் பசிக்கும். மாலைக் காபி நம்மில் பலருக்கு விட முடியாத பழக்கம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று ஒரு நாள் மதியத்துக்குப் பிறகு வேண்டாம். குடித்த காபியில் உள்ள காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும்.

மதுவைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாகக் குறையலாம். 787, ஏ350 விமானங்களில் அது 6,000 அடி அளவிலேயே நிற்கும். 2024-இல் ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தினர் அந்த 8,000 அடி அழுத்தத்தில், மது அருந்தியவர்களைத் தூங்க வைத்துப் பார்த்தபோது, அவர்களுடைய இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு ஏறத்தாழ 85 சதவீதமாக இறங்கியிருந்தது. இதயத் துடிப்பும் கூடியிருந்தது. அப்படித் தூங்கி எழுந்தவருக்குத் தூங்கிய நிறைவு இருக்காது.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது சமையல் பகுதிக்கும் கழிவறைக்கும் பக்கத்து வரிசைகளைத் தவிருங்கள். பொதுவாக, தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில் கால் நீட்டும் பொந்து அகலமாக இருக்கும். மற்ற வரிசைகளில் முன்னிருப்பவரின் பக்க மேசைக்கு அடியில் அது குறுகிப் போவதால், பக்கவாட்டில் படுப்பவருக்கு முழங்கால் இடிக்கும். ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டும் இடம் பெரும்பாலும் அந்த முதல் வரிசைதான் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்தவுடன், “இரவு உணவு வேண்டாம், காலை உணவுக்கும் எழுப்ப வேண்டாம், இறங்கும் நேரத்தில் எழுப்பினால் போதும்” என்று பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். மெத்தை விரிப்பு சில நிறுவனங்களில் கேட்டால்தான் கிடைக்கும். சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே, வெளியே தெரியும்படி போட்டுக்கொள்ளுங்கள்; அட்லாண்டிக் மேல் விமானம் குலுங்கி, பெல்ட் விளக்கு எரியும்போது, கண்ணால் பார்த்தே பணியாளர் கடந்து போய்விடுவார். போர்வைக்குள் மறைந்திருந்தால் தோளைத் தட்டி எழுப்பத்தான் வேண்டும், அது அவருடைய கடமை. இவ்வளவும் செய்தால் நியூவார்க் நேரப்படி பத்தே முக்காலிலிருந்து மூன்றே முக்கால் வரை ஐந்து மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும்.

இறங்கிய பிறகு வெயிலில் நடங்கள். வழக்கமாகக் காலை 7 மணிக்கு எழுபவரின் உடல் வெப்பநிலை அதிகாலை 4, 5 மணி வாக்கில்தான் மிகத் தாழ்ந்திருக்கும். லண்டன் கணக்கில் அது காலை 9, 10 மணி. அதற்குப் பின் கண்ணில் படும் வெளிச்சம் உடல் கடிகாரத்தை லண்டன் நேரத்தை நோக்கி முன்னே நகர்த்தும். அதற்கு முன்னால் படுவது பின்னே தள்ளும். காலை 7 மணிக்கு இறங்குபவர் கறுப்புக் கண்ணாடி அணிந்தால் நல்லது. 10 மணிக்கு இறங்கும் உங்களுக்கு அது தேவையில்லை.

அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தானியங்கி வாயில் வழியே குடியேற்றப் பகுதியைக் கடந்துவிடலாம், ஆனால் 2025 ஜனவரி முதல் இடிஏ என்னும் முன் அனுமதி அவர்களுக்குக் கட்டாயம். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் விசாவும், அதிகாரியின் மேசை வரிசைக்காக ஒரு மணி நேரமும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து எலிசபெத் ரயில் பாதையில் மாறாமல் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் கேனரி வார்ஃப் சேர்ந்துவிடலாம். டாக்ஸி வேண்டாம், பின் இருக்கையில் தூங்கிவிடுவீர்கள்.