நான்கு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளோடு சேலத்திலிருந்து கொல்கத்தா போகிறோம். ஆற்றில் படகில் போய் ஊர் பார்க்கலாமா, கார் வைத்துக்கொள்வதே நல்லதா?

தாராளமாகப் படகில் போகலாம். அதுவும் சுற்றுலாப் படகு வேண்டாம், ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் ஃபெர்ரியிலேயே ஏறுங்கள்.

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இதே விஷயத்துக்காக எங்கள் வீட்டில் நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. "ஏன் அண்ணி, ஏற்காட்டு ஏரியிலயே போட்டிங் இருக்குது. பச்சப் புள்ளைங்கள அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போயி ஆத்துல ஏத்தணுமா?" என்று நாத்தனார் கேட்டாள். உங்களிடமும் யாரோ இப்படிக் கேட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஏற்காட்டு ஏரியை நான் குறை சொல்லவில்லை. பெடல் படகில் ஒரு சுற்று வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அது விளையாட்டு. கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில் போவது ஊரைப் பார்ப்பது. கொல்கத்தா ஆற்றைப் பார்த்தபடி எழுந்த ஊர். படித்துறை, கோயில், பழைய கிடங்கு எல்லாம் கரையிலேயே வரிசையாக இருக்கின்றன. காரில் போனால் முன்னால் நிற்கிற பஸ்ஸைத்தான் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஹவுரா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. டிக்கெட் ஒரு டீ விலைக்குள் முடிந்துவிடும். அங்கிருந்து பாக்பஜார் பக்கம் போகிற படகு ஹவுரா பாலத்துக்கு அடியிலேயே போகும். என் வீட்டுக்காரர் இரும்பாலையில் வேலை பார்ப்பவர். 26,500 டன் எஃகு, நட்டு போல்ட் இல்லாமல் ரிவெட் அடித்தே சேர்த்தது, 1943இல் திறந்தது என்று பையனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் சேலத்துக் கஞ்சமலை இரும்பைப் பற்றிக் கேட்டு வளர்கிற பிள்ளை அவன். பாலம் தலைக்கு மேல் வந்ததும் பேச்சே இல்லை, கழுத்தை அண்ணாந்தவன் அது முழுக்கப் பின்னால் போகும்வரை இறக்கவில்லை. பாலத்தின் கிழக்கு முனையில் மல்லிக் காட் பூச்சந்தை. செண்டுமல்லிச் சரத்தைப் பாம்பு மாதிரி சுருட்டித் தலையில் தூக்கிப் போகிறார்கள்.

எனக்கு மறக்காதது வேறு ஒன்று. காலையில் ஆகாயத்தாமரைக் கொத்துகள் கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. சாயங்காலம் அதே துறையில் நிற்கும்போது, "அம்மா, ஆறு ரிவர்ஸ்ல போவுதும்மா" என்றாள் பெரியவள். நிஜமாகவே கொத்துகள் எதிர்ப்பக்கம் போயின. கடல் ஏற்றம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆற்றுக்குள் ஏறி வந்து கொல்கத்தாவையும் தாண்டிப் போகிறது. துறையை மிதவையில் கட்டியிருப்பதும், காலையில் செங்குத்தாக இறங்கிய நடைபாலம் சாயங்காலம் சமமாகக் கிடப்பதும் அதனால்தான். மேட்டூரிலும் பவானியிலும் காவிரியைப் பார்த்த பிள்ளைக்கு ஆறு ஒரு பக்கம்தான் ஓடும். இதை எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தாலும் அவளுக்கு அப்படிப் பதிந்திருக்காது.

"நீச்சல் தெரியாத குழந்தைகளை இப்படியா?" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். கிளம்பும் முன்பே இரண்டு பேருக்கும் அளவு பார்த்து லைஃப் ஜாக்கெட் வாங்கிவிட்டோம். படகில் எங்கள் பிள்ளைகள் மட்டும்தான் அதைப் போட்டிருந்தார்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். கவனம் வேண்டியது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். படகு வந்து மிதவையின் டயரில் மோதி ஒரு குதி குதிக்கும். கயிற்றை முளையில் சுற்றி இறுக்கும்வரை பிள்ளையின் கையை விடாதீர்கள். சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே இறங்குங்கள். ஆபீஸ் நேரத்தில் ஏறாதீர்கள்.

நிம்தலா பக்கம் புகை தெரியும், அது சுடுகாடு. 1941இல் தாகூரை எரித்த இடம். பிள்ளைகள் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். அதற்கும் ஊரில் பேச்சு வாங்கினேன். எங்கள் தெருவில் தப்பு அடித்துக்கொண்டு பாடை போகும்போது வாசலில் நின்று பார்க்காத பிள்ளை உண்டா?

விடுதிக்காரர் பிடித்துக்கொடுத்த மாலை நேர ஏசி படகிலும் ஒரு நாள் போனோம். கண்ணாடி அடைத்து, பாட்டை அலற விட்டு, காசையும் கறந்தார்கள். பிள்ளைகள் பாதியிலேயே தூங்கிவிட்டார்கள்.

திரும்பி வந்து ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது, "நம்ம ஊர்ல ஆறு இல்லையாம்மா?" என்றாள் பெரியவள். அப்போது திருமணிமுத்தாற்றுப் பாலத்தைத்தான் கடந்துகொண்டிருந்தோம். சேர்வராயன் மலையில் பிறந்து, சுகவனேசுவரர் கோயில் பக்கமாக ஓடி, காவிரியில் சேர்கிற ஆறு. ஊர்ச் சாக்கடையும் சாயத் தண்ணீரும் கலந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடமாக ஆகிவிட்டது. இதுதான் ஆறு என்று பிள்ளைக்குக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் சுத்தம் செய்கிறோம் என்கிறார்கள். பெரிய ஊர் ஆறுகளைப் பார்த்து வருகிற நாம் இதையும் விடாமல் கேட்க வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை.

சரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன். உங்கள் சின்னப் பிள்ளைக்கு நான்கு வயது என்பதால் முதலில் பேலூர் மடத்திலிருந்து தட்சிணேசுவரம் போகிற படகில் ஏறுங்கள். கொஞ்ச நேரப் பயணம்தான், 1855இல் ராணி ராஷ்மணி கட்டிய காளி கோயில் ஆற்றிலிருந்தே தெரியும். மதியம் இரண்டு இடத்திலும் நடை சாத்திவிடுவார்கள், அதனால் விடியலிலேயே கிளம்புங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். கோடை லீவில்தான் போக முடியும் என்றால் காலையிலேயே படகை முடித்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் திடீரென்று கால்பைசாகி என்கிற புயல்காற்று அடிக்கும். வடமேற்கில் வானம் கறுத்தால், டிக்கெட் வாங்கியிருந்தாலும் ஏறாதீர்கள்.