இன்னொருவேளை கேட்போம்

அன்புள்ள அண்ணனுக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருசம் ஆகிறது. எனக்குக் கிடைத்ததை எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று தவிப்பாக இருக்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருந்த நண்பன், "இதப் பேசறதுன்னா ஊட்டுப்பக்கம் வராத" என்றுவிட்டான். பக்கத்து வீட்டுப் பெரியவர், "எல்லாச் சாமியும் ஒண்ணுதானுங்க தம்பி" என்று நான் கொடுத்த இயேசு காலண்டரை முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா மட்டும் "சரிங்க சார்" என்று கேட்டு, ஜெபக்கூட்டத்துக்கும் வந்தார். மூவருக்கும் ஒரே செய்தியைத்தான் சொன்னேன். எங்கே தவறினேன்?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

எனக்குக் கவலை அந்த அக்காவைப் பற்றித்தான். அவருடைய லீவும் ஓவர்டைமும் உங்கள் கையில் இருக்கின்றன. உங்களிடம் "வேண்டாமுங்க" என்று சொல்ல அவரால் முடியாது. அப்படிப்பட்டவர் சொல்லும் "சரிங்க சார்" விசுவாசம் ஆகாது. கம்பெனியில் அவரிடம் இதைப் பேசுவதை நாளைக்கே நிறுத்துங்கள். ஜெபத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் வேலையில் ஒரு வித்தியாசமும் இருக்காது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மாற்கு 10ஆம் அதிகாரத்தில் ஆஸ்திக்காரன் துக்கத்தோடு திரும்பிப் போகிறான். அவன்மேல் அன்புகூர்ந்த இயேசு அவனைப் பிடித்து நிறுத்தவில்லை.

பவுல் அத்தேனே பட்டணத்து மார்ஸ் மேடையில் பேசியதையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒரே பேச்சுதான். சிலர் இகழ்ந்தார்கள், சிலர் "இன்னொருவேளை கேட்போம்" என்றார்கள், தியொனீசியுவும் தாமரியும் இன்னும் சிலரும் நம்பினார்கள். பவுலுக்கே அப்படித்தான் நடந்தது.

நண்பன் நிறுத்தச் சொன்னது பேச்சை. நட்பை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவன் வீட்டுக்குப் போங்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

பெரியவரைப் பற்றிப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா சென்னிமலைப் பக்கம் உபதேசியாராக இருந்தார். போர்வை நெய்கிற ஒருவர் தறியை விட்டு எழுந்ததும் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார். இருபது வருசத்துக்கு மேல் வந்தார். அப்பா வேதத்திலிருந்து சொல்லச் சொல்ல, எதிர்க்கேள்வி கேட்டுக் கேட்டுக் கேட்பார். கிருத்திகை தவறாமல் 1,320 படியும் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டும் வருவார். "எப்பங்க சபைக்கு வருவீங்க?" என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அதில் கோபம்கூட உண்டு. இத்தனை வருசம் பேசி என்ன கண்டீர்கள் என்று கேட்டிருக்கிறேன். "அவரு காது குடுக்கறாரு, அது போதாதா?" என்பார்.

அப்பா இறந்த அன்று அவர் கோடி கொண்டுவந்தார். பங்காளியும் மாமன் மச்சானும் போடுகிற கோடி. தன் தறியிலேயே நெய்த வெள்ளைப் போர்வை. சபைப் பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். அம்மா இரண்டு கையாலும் அதை வாங்கி அப்பாமேல் போர்த்தினார். இராத்திரியில் இயேசுவிடம் ஒளிந்து வந்து கேட்டுப்போன நிக்கொதேமு, இயேசு மரித்து சீஷர்கள் சிதறிப்போன நாளில் அவரை அடக்கம்பண்ண வெள்ளைப்போளமும் கரியபோளமும் நூறு இராத்தல் சுமந்து வந்தானே, அந்த இடம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நெசவாளர் அதற்குப் பிறகும் மலையேறினார். அவர் மனதில் என்ன இருந்தது என்பது கர்த்தருக்குத் தெரியும்.

எல்லாம் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். இயேசுவை ஆண்டவர் என்று நம்புகிறேன், கேட்டால் ஒளிக்காமல் சொல்வேன். ஆனால் 1830இல் லண்டன் மிஷனார் கோயம்புத்தூருக்கு வந்த நாளிலிருந்து நம் பக்கத்தில் மிஷன் பள்ளியில் படித்து, மிஷன் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, மாரியம்மனுக்கே பொங்கல் வைக்கிற குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்குக் கொடுத்த எழுத்தும் மருந்தும் வீணாகப் போனது என்று எந்த விசுவாசி சொல்வான்?

பெரியவரிடம் முருகன் படத்தைக் கழற்றச் சொல்லிவிடாதீர்கள். அடுத்தமுறை போகும்போது, அந்த முருகனை அவர் எப்போதிலிருந்து கும்பிடுகிறார், ஏன் கும்பிடுகிறார் என்று கேளுங்கள். முழுசாகக் கேளுங்கள். இதுவரை நீங்கள்தானே பேசியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த அக்காவிடம் பேசுங்கள். பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.