கல்வளைவுகளில் ஒரு பகல் – கடிதம்

வணக்கம்.

மே கடைசியில் டென்வரிலிருந்து காரில் யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊருக்குப் போகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 63. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. மகளுக்கு ஆறு வயது. ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்கு ஒரு பகல்தான் ஒதுக்க முடியும். டெலிகேட் ஆர்ச் என்ற கல்வளைவுவரை எல்லோரும் நடக்கலாமா? தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

கா., டென்வர்

அன்புள்ள கா.,

எல்லோரும் வேண்டாம். போய்வர 4.8 கிலோமீட்டர், ஏற்றம் 146 மீட்டர் என்று படித்தால் எளிதாகத்தான் தோன்றும். ஆனால் வழியில் நிழலே இல்லை. நடுவில் நீண்ட மொட்டைப் பாறைச் சரிவு. முடிவில் சுமார் 200 மீட்டர் பாறை விளிம்பை ஒட்டிய பாதை, ஒரு பக்கம் பள்ளம். முழங்கால் வலிக்காரர்களுக்குச் சோதனை இறங்கும்போதுதான். சாய்ந்த பாறையில் மணல் படிந்த இடம் கேழ்வரகு கொட்டிய தரை மாதிரி வழுக்கும். அடி தேய்ந்த ஷூவோடு யாரும் ஏறக்கூடாது.

நீங்களும் மகளும் விடிந்ததும் பாதை தொடங்கும் உல்ஃப் ரான்ச்சில் நடக்கத் தொடங்கினால் ஒன்பது மணிக்குள் இறங்கிவிடலாம். விளிம்பில் மகளைச் சுவர்ப்பக்கமாக நடக்கவிடுங்கள். வளைவின் அடியிலும் பாறை சரிந்தே போகிறது, ஓடி விளையாட இடமில்லை. அந்த நேரத்தில் கார் ஓட்டத் தெரிந்த இன்னொருவர் பெற்றோரைக் காரில் சற்றுத் தள்ளியிருக்கும் வியூபாயிண்டுக்கு அழைத்துப் போகலாம். சமதளத்தில் சில நிமிட நடைதான். வளைவு தொலைவில் சிறிதாகத் தெரியும், பைனாகுலர் உதவும். செல்போன் சிக்னலை நம்பாமல், திரும்பச் சேரும் நேரத்தை முன்பே பேசிவையுங்கள்.

யூட்டா நம்பர் பிளேட்டிலேயே டெலிகேட் ஆர்ச் இருப்பதால் எல்லோரும் அதற்கே ஓடுகிறார்கள். லேண்ட்ஸ்கேப் ஆர்ச்தான் அதைவிடப் பெரிய அதிசயம் என்பேன். அகலம் 93 மீட்டர். போய்வர மூன்று கிலோமீட்டர், சரளைப் பாதை, லேசான ஏற்ற இறக்கம். அப்பா நடந்துவிடுவார், அம்மா காலைப் பார்த்து முடிவு செய்யட்டும். அதற்கு அப்பால் பாறையில் தொற்றி ஏற வேண்டும், அங்கேயே திரும்பிவிடுங்கள். 1991இல் அந்த வளைவிலிருந்து பெரிய பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதன்பின் அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். மழைநீர் மணற்கல்லின் ஒட்டுப்பொருளைக் கரைக்கிறது. விரிசலில் உறையும் நீர் பிளவை நெம்புகிறது. வளைவைச் செதுக்குவதும் வீழ்த்துவதும் இதே வேலைதான். அதே பாதையிலிருந்த வால் ஆர்ச் 2008இல் விழுந்தே போனது.

உச்சிவெயிலுக்கு சாண்ட் டியூன் ஆர்ச். உயர்ந்த பாறைச் சுவர்களுக்கிடையே நிழலும் மணலும் உண்டு, மகள் அங்கிருந்து வரமாட்டாள். மாலையில் விண்டோஸ் பகுதி. அங்கே டபுள் ஆர்ச் பாதை அம்மாவுக்கும் சரிவரும்.

தண்ணீர் பெரியவர்களுக்கு ஆளுக்கு 4 லிட்டர், மகளுக்கு 2. மலையேறும்போது ஆளுக்கு 2 லிட்டர் முதுகில் இருக்க வேண்டும், காரில் இருப்பது கணக்கில் சேராது. பார்வையாளர் மையத்திலும், லேண்ட்ஸ்கேப் ஆர்ச் பாதை தொடங்கும் டெவில்ஸ் கார்டனிலும் பிடித்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைசுற்றலும் வாந்தியும் வரும். பூங்காவுக்குள் சாப்பாடு விற்பதில்லை. புளியோதரையும் ஊறுகாயும் கட்டிக்கொண்டால் உப்புக்கும் ஆயிற்று. தயிர்சாதம் அந்த வெயிலில் தாங்காது. அப்பா நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவரானால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதையோரம் கறுப்பாகப் புடைத்திருக்கும் மண்ணில் கால் வைக்காதீர்கள். அது நுண்ணுயிர்கள் பின்னிய மேலோடு, மிதிபட்டால் ஆற பல பத்தாண்டுகள் ஆகும். மே கடைசித் திங்கள் மெமோரியல் டே விடுமுறை. அந்த வார இறுதியில் கார் நிறுத்தவே இடம் கிடைக்காது, தவிர்க்கப் பாருங்கள். நுழைவு முன்பதிவு விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, புறப்படுமுன் பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.