வல்லூறு எங்கே பார்த்துப் பறக்கிறது?

கேள்வி: பறக்கும் புறாவைப் பொரி வல்லூறு பிடிப்பதும் ஏவுகணை விமானத்தை அடிப்பதும் ஒரே கணக்குதான் என்று படித்தேன். பறவைக்கு அது எப்படிச் சாத்தியம்?

பதில்: இரை எங்கிருக்கிறதோ அங்கேயே மூக்கை நீட்டிப் பறப்பது ஒரு வழி. குறுக்கே போகும் சைக்கிளைத் தெருநாய் துரத்துவது இப்படித்தான். பாதை வளைந்து வளைந்து கடைசியில் இரையின் வாலுக்குப் பின்னால் கொண்டுபோய் விடும். வேகம் நிறைய மிச்சமிருந்தால்தான் எட்டிப் பிடிக்கலாம்.

இன்னொரு வழி மாலுமிகளுக்குப் பழக்கமானது. எதிரே வரும் கப்பல் திசைகாட்டியில் ஒரே கோணத்தில் நின்றபடி நெருங்கிக்கொண்டே இருந்தால் மோதல் நிச்சயம். மாலுமி அதைத் தவிர்க்கிறார். வல்லூறு அதையே தேடுகிறது. அதற்குத் தூரமோ இரையின் வேகமோ தெரிய வேண்டாம். தனக்கும் இரைக்கும் இடையிலான பார்வைக்கோடு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று தெரிந்தால் போதும். அந்த வேகத்தை ஓர் எண்ணால் பெருக்கி, அந்த அளவுக்குத் தன் பாதையைத் திருப்ப வேண்டும். கோடு நொடிக்கு 2 பாகை திரும்புகிறது, எண் 3 என்றால், பாதை நொடிக்கு 6 பாகை திரும்பும். கோட்டின் சுழற்சி அடங்க அடங்கப் பாதையும் நேராகிவிடும். பொறியாளர்கள் இதை ‘புரொபோர்ஷனல் நேவிகேஷன்’ என்பார்கள். அமெரிக்காவின் லார்க் ஏவுகணை 1950 டிசம்பரில் இதை வெற்றிகரமாகச் செய்து காட்டியது.

சூட்சுமம் அந்த எண்ணில் இருக்கிறது. 2க்குக் கீழே போனால் திருப்பமெல்லாம் கடைசி நொடிக்குத் தள்ளிப்போய், அங்கே தேவைப்படும் வளைவைச் சிறகு தாங்காது. மிக அதிகமானால் கண்ணின் சிறு பிழைகூடப் பெருக்கப்பட்டுப் பாதை தள்ளாடும். ஏவுகணைகளில் பொதுவாக 3 முதல் 5 வரை வைப்பார்கள். வல்லூறுகளின் மேல் ஜிபிஎஸ் கருவியும் கேமராவும் பொருத்தி ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவில், அவற்றின் எண் பெரும்பாலும் 3க்கும் குறைவு. ஏவுகணையைவிட வேகம் மிகக் குறைவு என்பதால் அதுவே போதுமானது. பறவை பெருக்கல் செய்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கண்ணில் நகரும் பிம்பத்துக்குச் சிறகு காட்டும் எதிர்வினை அந்த விகிதத்தில் அமைந்திருக்கிறது, அவ்வளவே.

இரை தப்புவது பெரும்பாலும் நெருக்கத்தில்தான். தூரம் குறையக் குறைய, இரை கொஞ்சம் ஒடித்தாலும் கோடு படுவேகமாகச் சுழலும். கண்ணுக்கும் சிறகுக்கும் இடையிலான தாமதம் அப்போது பெரிய இழப்பு. புதருக்குள் முயலைத் துரத்தும் ஹாரிஸ் பருந்து இந்த முறையை மட்டும் நம்புவதில்லை. பறக்கும் திசைக்கும் இரைக்கும் உள்ள கோணத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால் இரை குறுக்கும் நெடுக்குமாக ஓடும்போது அகலமாகச் சுற்றிப் புதரில் மோதாமல் ஒட்டியே துரத்த முடிகிறது.

கேள்வி: எல்லைக்கோட்டருகே கேட்ச் பிடிக்கும் ஃபீல்டரும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறாரா?

பதில்: நெருங்கிய உறவு, ஆனால் வேறு. அவர் கவனிப்பது பந்தை நோக்கி அண்ணாந்து பார்க்கும் கோணத்தை. அது எகிறிக்கொண்டே போனால் பந்து தலைக்கு மேல் போகப்போகிறது, பின்னால் ஓட வேண்டும். ஏற்றம் சீக்கிரமே தளர்ந்தால் முன்னால் விழும். நேராகத் தன்னை நோக்கி வரும் பந்துதான் கஷ்டம். பக்கவாட்டு அசைவு எந்தத் தகவலும் தராது.