ரெஸ்யூமேக்கு மார்க் போடும் தளத்துக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி): பி.காம் முடித்துவிட்டு மூன்று வருடமாக ஒரு ஜவுளி நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், இப்போது வேறு வேலை தேடுகிறேன். ஒரு ஏஐ தளத்தில் ரெஸ்யூமேயை ஏற்றியதும் 'உங்கள் ஏடிஎஸ் ஸ்கோர் 41, இதை எந்தக் கம்பெனியும் திறந்துகூடப் பார்க்காது' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. 7 நாள் சோதனைக்கு 99 ரூபாய் என்றார்கள். கட்டினேன், ஸ்கோர் 92 ஆகிவிட்டது. எட்டாம் நாள் 2,499 ரூபாய் தானாகப் போய்விட்டது. பணம் திரும்ப வருமா? அந்த ஸ்கோராவது உண்மையா?

பதில்: முதலில் அடுத்த மாதப் பணம் போகாமல் நிறுத்துங்கள், ஸ்கோரை அப்புறம் பார்க்கலாம். யுபிஐயில் கட்டியிருந்தால் உங்கள் செயலியில் 'ஆட்டோபே' என்ற பகுதிக்குப் போய், தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை நீங்களே ரத்து செய்துவிடலாம், அந்தத் தளத்தின் சம்மதம் தேவையில்லை. கார்டு என்றால் அதே அனுமதி வங்கியின் இணையதளத்தில் 'இ-மேண்டேட்' என்ற பட்டியலில் இருக்கும். 15,000 ரூபாய் வரையிலான மாதச் சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க மாட்டார்கள், ஆனால் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வந்தாக வேண்டும், இது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ் அல்லது மெயில் வந்ததா என்று தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

தளத்துக்கும் ஒரு மெயில் போடுங்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'டார்க் பேட்டர்ன்' என்ற ஏமாற்று வடிவமைப்புகள் 13 வகையைத் தடுத்து வழிகாட்டுதல் வெளியிட்டது. சந்தாவை ரத்து செய்யும் பட்டனை ஒளித்துவைப்பது, ரத்து செய்வதைச் சுற்றிவளைத்து வைப்பது எல்லாம் அதில் 'சந்தாப் பொறி' என்ற வகையில் வருகின்றன. 2,499 என்ற தொகை பணம் கட்டும் பக்கத்தில் எந்த இடத்தில், எவ்வளவு சின்ன எழுத்தில் இருந்தது என்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சரி, ஸ்கோர். ஏடிஎஸ் என்பது வருகிற விண்ணப்பங்களைச் சேர்த்து வைக்கிற மென்பொருள். கோப்பிலிருந்து பெயர், போன் நம்பர், வேலை பார்த்த இடம், வருடங்களைப் பிரித்தெடுத்து வைக்கும், எச்ஆர் அதில் 'டேலி', 'ஜிஎஸ்டி' என்று தேடுவார். வரிசைப்படுத்திக் காட்டுகிற மென்பொருள்களும் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் வழியில் செய்கிறது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக 41, 92 என்று ஒரு மதிப்பெண் கிடையவே கிடையாது. அது அந்தத் தளம் தானாக வைத்துக்கொண்ட கணக்கு, 41 என்று காட்டினால்தான் அதற்கு 99 ரூபாய் வரும். விண்ணப்பங்கள் தானாகவே நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் அவற்றோடு கேட்கும் கேள்விகளில்தான்: எத்தனை வருட அனுபவம், நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, அந்த ஊருக்கு வர முடியுமா.

ரெஸ்யூமே மென்பொருளுக்குப் புரிகிறதா என்று காசில்லாமலே பார்க்கலாம். பிடிஎஃப்பைத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிகள் ஒழுங்காக வந்தால் போதும். பக்கத்தை இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்த டிசைன், கட்டங்கள், படமாக வைத்த எழுத்து இருந்தால் தேதி ஓரிடத்தில் கம்பெனி ஓரிடத்தில் என்று குலைந்து வரும், அதை மட்டும் சரிசெய்யுங்கள்.

என் அக்கா மகளுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், உங்களைப் போலவே அக்கவுண்ட்ஸ்தான். அவள் எழுதி வைத்திருந்த வரி: 'தினமும் 60 பில் வரை டேலியில் ஏற்றி, ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் வரை பார்த்தேன்.' ஏஐ அதை 'ஸ்பியர்ஹெடட் எண்ட்-டு-எண்ட் ஃபைனான்ஷியல் ஆபரேஷன்ஸ்' என்று மாற்றிக் கொடுத்தது, அதாவது நிதி வேலை முழுவதையும் ஆரம்பம் முதல் முடிவு வரை தலைமை தாங்கி நடத்தினாளாம். இன்டர்வியூவில் எண்ட்-டு-எண்ட் என்றால் பேலன்ஸ் ஷீட்டும் நீங்களே போட்டீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு வார்த்தையே வரவில்லை, அழுதுகொண்டு வந்தாள். அறுபது பில் என்ற அந்த எண்தான் அவள் கையில் இருந்த சரக்கு, அதைக் காசு கொடுத்து அழித்திருக்கிறோம். அடுத்த வாரமே பழைய வரியைத் திரும்பப் போட்டோம்.

ஏஐயைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலப் பிழை திருத்த, வேலை விளம்பரத்தில் இருக்கிற எந்தத் திறமையை நீங்கள் குறிப்பிட மறந்தீர்கள் என்று பார்க்க, சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றின் இலவச வடிவமே போதும். 'நான் செய்யாத எதையும் சேர்க்காதே, எண்களை மாற்றாதே' என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். போன் நம்பர், முகவரி, பிறந்த தேதியை எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

கேள்வி: லிங்க்ட்இனில் தினமும் போஸ்ட் எழுதி, மற்றவர்களுக்குக் கமென்ட் போட்டு, கனெக்‌ஷன் கேட்டு, எல்லாம் ஏஐயே செய்யும் ஒரு சேவை மாதம் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தானியங்கி மென்பொருள் மூலம் போஸ்ட், லைக், கமென்ட் போடுவதையும் மெசேஜ் அனுப்புவதையும் லிங்க்ட்இன் தன் பயனர் ஒப்பந்தத்திலேயே தடை செய்திருக்கிறது. பிடிபட்டால் கணக்கை முடக்குவார்கள், பல வருடமாகச் சேர்த்த தொடர்புகளும் அதோடு போகும், சேவை விற்றவர் அதற்குப் பொறுப்பேற்க மாட்டார். இப்படிப்பட்ட சில கருவிகள் பிரவுசரில் இருக்கும் 'குக்கி'யை எடுத்து ஒட்டச் சொல்கின்றன. அது வீட்டுச் சாவியைக் கொடுப்பது மாதிரி, பாஸ்வேர்டு இல்லாமலே உங்கள் கணக்குக்குள் போய் வரலாம்.

அப்புறம், வேலை கொடுக்கிறவர்கள் பக்கம் இருந்தும் பாருங்கள். ஒரே அச்சில் வார்த்த போஸ்ட்களை அவர்களும் தினமும் நூற்றுக்கணக்கில் பார்க்கிறார்கள். நீங்கள் சரிசெய்த ஒரு மெஷின், முடித்துக் கொடுத்த ஒரு ஆர்டர், தவறாகிப் பிறகு திருத்திய ஒரு கணக்கு, இதைப் பற்றி மாதம் ஒன்று நீங்களே எழுதுங்கள், ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. கூடவே பழைய மேலாளரிடம் நான்கு வரி பரிந்துரை கேட்டு வாங்கிப் போடுங்கள். அதைப் படிக்கிறவர் அவருக்கே போன் போட்டு விசாரித்துக்கொள்ளலாம்.

லிங்க்ட்இன் செட்டிங்ஸில் டேட்டா பிரைவசி பகுதியில் உங்கள் தகவல்களை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதிக்கும் ஒரு பட்டனும் இருக்கிறது, நீங்கள் தொடாவிட்டால் அது 'ஆன்' நிலையிலேயே இருக்கும். வேண்டாம் என்றால் அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்தது திரும்பாது.

கேள்வி: ஏஐ புரொஃபைல் போட்டோ, 40 படம் 499 ரூபாய். பரவாயில்லையா?

பதில்: விலை பெரிதில்லை, ஆனால் நேரில் போய் உட்காரும்போது படத்தில் இருக்கிறவர் வேறு ஆளாகத் தெரிந்தால் முதல் நிமிடத்திலேயே சந்தேகம் வந்துவிடும். புரொஃபைல் படம் உங்கள் சாயலில்தான் இருக்க வேண்டும் என்பது லிங்க்ட்இன் விதியும்கூட. காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் நின்று, வெள்ளைச் சுவருக்கு முன்னால் வீட்டில் யாரையாவது போனில் எடுக்கச் சொல்லுங்கள். கட்டித்தான் தீருவேன் என்றால், நீங்கள் ஏற்றும் படங்களை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்ற வரி அவர்கள் விதிமுறையில் இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): 'ஏஐ பர்சனல் பிராண்டிங், 90 நாளில் வேலை உத்தரவாதம்' என்ற ஆன்லைன் கோர்ஸில் என் மகனை 38,000 ரூபாய்க்குச் சேர்த்தேன், இஎம்ஐயில். நான்கு மாதம் ஆகியும் ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. கேட்டால் 'நோ ரீஃபண்ட் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்' என்கிறார்கள்.

பதில்: அந்த ஒரு வரியைக் காட்டி உங்களை வாயடைக்க முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறைபாடுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை, பொய்யான உத்தரவாதம் தவறான விளம்பரம். பயிற்சி நிறுவனங்களின் இப்படிப்பட்ட வாக்குறுதிகளைக் கட்டுப்படுத்தவே 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதல்களும் வந்தன.

ஆனால் இஎம்ஐயை மட்டும் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள், இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கோர்ஸ் நடத்துகிறவர் வேறு, கடன் கொடுத்த நிதி நிறுவனம் வேறு. நிறுத்தினால் கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய சிபில் ஸ்கோர்தான் அடிவாங்கும். கோர்ஸ் குறித்துத் தகராறு இருக்கிறது என்று கடன் கொடுத்தவருக்கும் மெயில் போட்டு வையுங்கள்.

இனி புகார். முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து நிறுவனத்துக்கு ஒரு நோட்டீஸ், பதிவுத் தபாலிலும் மெயிலிலும். அதன் பிறகு 1915. அங்கேயும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரிலோ டெல்லியிலோ இருக்கட்டும், நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளம் வழியே வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள்: '90 நாளில் வேலை' என்று வந்த விளம்பரத்தையும், சேர்க்கும்போது பேசியவரின் வாட்ஸ்அப் உரையாடலையும் தேதி தெரியும்படி எடுத்து இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததும் அவர்கள் அந்த விளம்பரத்தைத்தான் முதலில் நீக்குவார்கள்.