நைனாவோட ஜெனிட்டும் ஆம்பூர் லைகாவும்
பழைய கேமரா: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ருஷ்யா கேமராக்களைப் பத்தி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வேலூர் சுத்துப்பட்டுல இத்தனை பேர் வீட்டுப் பரண்ல இதுங்க தூங்குதுன்னு அப்பதான் தெரிஞ்சுது. அதனால இந்த மாசம் முழுக்க அந்தக் கடுதாசிங்களுக்குத்தான் பதில்.

அண்ணே, எங்க நைனா போன வருஷம் தவறிட்டாரு. பரண்ல அவரோட ஜெனிட்-ஈ கேமரா தோல் பையோட கிடைச்சுது. பேட்டரி போட இடமே இல்ல, மேல இருக்கற முள்ளும் அசையல. செத்துப்போச்சா? கோட்டைக் கோயிலுக்கு சாமி திரும்பி வந்த வருஷம் வாங்கினதுன்னு நைனா சொல்வாரு. அது நிஜமான்னு கண்டுபிடிக்க முடியுமா?
வாசகர், குடியாத்தம்

தம்பி, முதல்ல பயப்படாதீங்க, கேமரா சாகல, செத்திருந்தா வெளிச்சத்தை அளக்கற அந்த மீட்டர் மட்டும்தான் செத்திருக்கும். ஜெனிட்-ஈல பேட்டரியே கிடையாது, லென்ஸுக்கு மேல முன்பக்கம் வரிவரியா ஒரு கண்ணாடி இருக்கு பாருங்க, அதுக்குள்ள செலினியம் செல், வெளிச்சம் பட்டா அதுவே துளி கரண்டு உண்டாக்கி முள்ளை நகர்த்தும். நாப்பது அம்பது வருஷத்துல அது சோர்ந்து போறது சகஜம். வெயில்ல காட்டியும் அசையலன்னா விட்டுடுங்க, அதை ரிப்பேர் பண்ணப் போனா கேமரா வெலையை விட அதிகமா ஆவும். நல்ல விஷயம் இன்னான்னா அந்த மீட்டருக்கும் ஷட்டருக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, முள்ளு காட்டறதைப் படிச்சு நாமதான் கையால செட் பண்ணணும், அதனால மீட்டர் இல்லாமலே கேமரா ஜோரா ஓடும்.

மீட்டருக்கு பதிலா நம்ம ஊர் வெயிலே போதும். 100 ஸ்பீடு ஃபிலிம் போட்டா பட்டப்பகல்ல ஷட்டர் 125 (அதாவது ஒரு நொடியில 125ல ஒரு பங்கு), அப்பர்ச்சர், அதான் லென்ஸ் திறப்பு, 16. லேசா மூட்டமா இருந்தா 11, நல்ல மேகம்னா 8, வேப்பமர நெழல்ல நிக்கறவங்களை எடுக்கணும்னா 4. 400 ஃபிலிம்னா ஷட்டரை 500ல வெச்சுக்கங்க, மத்ததெல்லாம் அதே கணக்கு. ஜெனிட்-ஈல 30, 60, 125, 250, 500, அப்பறம் பி (பட்டனை அழுத்தியிருக்கற வரைக்கும் திறந்தே இருக்கும்), அவ்ளோதான் ஸ்பீடே, குழம்பறதுக்கு இடமே இல்ல.

ஃபிலிம் போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. பின் கதவைத் திறந்து ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சு ஒவ்வொரு ஸ்பீடுலயும் அஞ்சாறு தடவை சொடுக்குங்க. எல்லாத்துலயும் சட்டம் முழுக்க வெளிச்சம் தெரியணும், ஒரு ஓரம் மட்டும் இருட்டா இருந்தா ஷட்டரோட ரெண்டு துணித் திரையில ஒண்ணு இன்னொன்னைத் துரத்திப் பிடிச்சிடுதுன்னு அர்த்தம், உள்ள க்ரீஸ் கெட்டியாயிருக்கும். ரொம்ப நாள் சும்மா கிடந்த கேமரா முதல் இருபது முப்பது தடவை மக்கர் பண்ணிட்டு அப்பறம் தானா சரியாவும். ஆனா தயவுசெஞ்சு தையல் மெஷின் எண்ணெய் ஊத்தாதீங்க. தேங்கா எண்ணெய் ஊத்தின ஒரு கேமராவை நான் கண்ணால பார்த்தேன், தொறந்தா தலை வாரின வாசனை.

வருஷம் கேட்டீங்களே, மேல்மூடியோட பின்பக்கம் ஒரு நீள நம்பர் பொறிச்சிருக்கும், அதுல முதல் ரெண்டு எண்ணுதான் தயாரிச்ச வருஷம். 79ன்னு ஆரம்பிச்சா 1979. சத்துவாச்சாரியில இருந்த லிங்கத்தைக் கொண்டாந்து ஜலகண்டேஸ்வரர் கோயில்ல மறுபடி வெச்சது 1981. அப்ப நம்பர் 79, 80, 81ன்னு இருந்தா நைனா சொன்னது சரியாத்தான் இருக்கும். 84ன்னு இருந்தா நைனா கொஞ்சம் கதை விட்டிருக்காருன்னு வெச்சுக்கங்க, பரவால்ல. பையில பழைய நெகட்டிவ் இருக்கான்னும் தேடுங்க. கேமராவை விட அதுக்குத்தான் மதிப்பு.

சார், நான் காட்பாடியில இன்ஜினியரிங் படிக்கறேன். ஆன்லைன்ல ஜோர்கி-4 ஒண்ணு வருது, டெஸ்ட் பண்ணினதுன்னு போட்டிருக்காங்க. வாங்கும்போது இன்னா பார்க்கணும்?
மாணவர், காட்பாடி

டெஸ்ட் பண்ணினதுன்னா "டக்"னு சத்தம் வருதுன்னு அர்த்தம், அதுக்கு மேல ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. ஒவ்வொரு ஸ்பீடுலயும் பின்பக்கம் திறந்து எடுத்த வீடியோ கேளுங்க, அதுல எடுத்த போட்டோ ஒண்ணு ரெண்டு கேளுங்க. ரெண்டுக்கும் சாக்கு சொன்னா அடுத்த ஆளைப் பாருங்க.

கைக்கு வந்ததும் ஒரே ஒரு விதியை மனசுல ஆணி அடிச்சு வெச்சுக்கணும்: முதல்ல ஷட்டரை சுத்தி ஏத்து, அதுக்கு அப்பால ஸ்பீடை மாத்து. ஏத்தாம ஸ்பீடு டயலைத் திருப்பினா உள்ள இருக்கற பல்லு மாட்டி உடைஞ்சிடும், முக்கியமா ஸ்லோ ஸ்பீடு இருக்கற ஜோர்கி-4, ஃபெட்-3 மாதிரி மாடல்ல. ருஷ்யாக்காரன் தரம் மோசம்னு ஊர்ல பேசறாங்களே, அதுல பாதி இப்படி டயலை இஷ்டத்துக்குத் திருப்பி உடைச்சவங்க பேசறதுதான்னு எனக்கு சந்தேகம். நண்பர்ங்க கையில குடுக்கும்போதே இதைச் சொல்லிடுங்க, ஏன்னா நம்மாளுங்க எதைக் குடுத்தாலும் முதல்ல திருகித்தான் பார்ப்பாங்க.

அப்பறம் வ்யூஃபைண்டர் மங்கலா இருக்குன்னு உடனே ஏமாந்துட்டோம்னு நினைக்க வேணாம். ஃபிலிமை திருப்பிச் சுத்தற குமிழுக்கு அடியில சின்னதா ஒரு நெம்புகோல் நீட்டிக்கிட்டிருக்கும், அது கண்ணாடி போடறவங்க பவருக்கு ஏத்த மாதிரி அட்ஜஸ்ட் பண்றதுக்கு, அதைத் திருப்பினா பளிச்னு ஆயிடும். இது தெரியாமலே பாதி வெலைக்கு வித்தவங்க இருக்காங்க, அப்படி ஒருத்தர்கிட்ட வாங்கினதுதான் என்னோட ஜோர்கி.

லென்ஸ் ஜூபிட்டர்-8 வந்தா அதிர்ஷ்டம். 50 எம்எம், எஃப்2, ஜெர்மன் ஸைஸ் கம்பெனியோட சோன்னார் லென்ஸுக்கு அச்சு அசல் நகல். இண்டஸ்டார்-50 வந்தாலும் மோசமில்ல, எஃப்3.5தான், ஆனா வெயில் ஊருக்கு அது தாராளம்.

ஐயா, ஆம்பூர்ல தெரிஞ்சவர் ஒருத்தர் ரெண்டாம் உலகப்போர் லைகான்னு ஒரு கேமரா காட்டறாரு. தங்கக் கலர், கழுகு முத்திரை எல்லாம் இருக்கு. நாப்பதாயிரம் கேக்கறாரு. வாங்கலாமா?
தோல் வியாபாரி, ஆம்பூர்

வேணாங்க.

சரி, காரணமும் சொல்றேன். லைகா தங்கம் மாதிரி மின்னி, கழுகும் போட்டு, மேல பனைமரமோ கப்பலோ ஏதாவது பொறிச்சிருந்தா நூத்துக்குத் தொண்ணூத்தொம்போது அது ஜெர்மன் லைகாவைப் பார்த்து சோவியத்துல செஞ்ச ஃபெட் இல்லாட்டி ஜோர்கி, மேல எழுத்தை அழிச்சிட்டு புதுசா பொறிச்சது. லென்ஸைக் கழட்டி உள்ள எட்டிப் பாருங்க, மேல ஒரு சின்னக் கை தெரியும், லென்ஸோட பின்பக்கத்தைத் தொட்டு தூரத்தை அளக்கறது அதுதான். நிஜ லைகாவுல அந்தக் கையோட நுனியில உருளற சின்ன சக்கரம் இருக்கும். ஃபெட், ஜோர்கியில சக்கரம் இல்ல, தட்டையா வழுவழுன்னு ஒரு உலோகத் துண்டு. நீங்க தோலைத் தடவியே ஆடா மாடான்னு சொல்றவரு, உங்களுக்கு இதெல்லாம் ஒரு நிமிஷம்.

இதுல எனக்கு வருத்தம் இன்னான்னா, அந்த ஃபெட்டோட சொந்தக் கதையே லைகா கதையை விட நல்லாருக்கும். உக்ரைன்ல கார்கோவ்னு ஊரு, அங்க வீடு வாசல் இல்லாத பசங்களுக்காக மக்காரென்கோ நடத்தின கம்யூன், அந்தப் பசங்களே லைகாவைப் பிரிச்சுப் பார்த்து அதே மாதிரி செஞ்சு 1934ல இருந்து வரிசையா வெளிய விட்டாங்க. ஃபெட்ன்னா பெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி, சோவியத் ரகசிய போலீஸை உண்டாக்கின ஆளோட முதலெழுத்துங்க. அந்தப் பேரை சுரண்டி எடுத்துட்டு கழுகு போடறானுங்க. ஃபெட்டுன்னு சொல்லி நியாயமான வெலைக்குக் குடுத்தா சந்தோஷமா வாங்குங்க.

என் ஃபெட்-2ல எடுத்த போட்டோ எல்லாத்துலயும் ஒரே இடத்துல வெள்ளைப் புள்ளி வருது. லேப்ல கேட்டா ஃபிலிம் கெட்டுப்போச்சுன்றாங்க. ரெண்டு ரோல் மாத்திட்டேன்.
வாசகர், ராணிப்பேட்டை

ஃபிலிம் மேல தப்பு இல்ல. ஷட்டர் துணியில ஓட்டை. இந்த மாதிரி கேமராவுல ஜெனிட்ல இருக்கற மாதிரி நடுவுல முகம் பார்க்கற கண்ணாடி கிடையாது, லென்ஸுக்குப் பின்னாடி நேரா ரப்பர் பூசின துணித் திரைதான், மூடி போடாம சூரியனுக்கு நேரா வெச்சா பூதக்கண்ணாடியில பேப்பர் கொளுத்தற அதே கதை. நானே பண்ணியிருக்கேன். காட்பாடி போற பாலாத்துப் பாலத்துல கேமராவை கைப்பிடிச் சுவர் மேல மல்லாக்க வெச்சிட்டு கரும்பு ஜூஸ் குடிச்சிட்டு வந்தேன், மே மாசம், மணி பன்னெண்டு. ஆத்துலதான் தண்ணி இல்லையே தவிர வெயிலுக்கு இன்னா பஞ்சம். ஒரு க்ளாஸ் ஜூஸுக்கு குண்டூசித் தலை அளவு ஓட்டை.

ராத்திரி லைட்டை அணைச்சிட்டு லென்ஸைக் கழட்டுங்க, பின்மூடியையும் எடுத்துட்டு, முன்னாடி டார்ச் அடிச்சு பின்பக்கமா பாருங்க, நட்சத்திரம் மாதிரி மின்னும். ஷட்டரை ஏத்தின நிலையிலயும் ஒரு தடவை பாருங்க, ஏன்னா திரை ரெண்டு. துணிக்கு அடிக்கற கருப்பு ஃபேப்ரிக் பெயிண்டை பிரஷ் நுனியால ரொம்ப மெல்லிசா தொட்டு வைங்க, நல்லா காஞ்சப்பறம்தான் ஷட்டரை சொடுக்கணும். தடிமனா பூசினா திரை விறைச்சிடும், அப்பறம் ஸ்பீடு எல்லாம் தப்பாவும். இனிமே லென்ஸ் மூடியைக் கழட்டினா உடனே எடுங்க, உடனே மூடுங்க. ஜெனிட் வெச்சிருக்கறவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, முன்னாடி கண்ணாடி காவல் நிக்குது.

கேமராவுல கோஸ்ட் 65ன்னு போட்டிருக்கே, அது இன்னா?
வாசகி, ஆற்காடு

ருஷ்யாக்காரங்க ஃபிலிம் ஸ்பீடு கணக்கும்மா. 65ன்னா ஏறக்குறைய நம்ம 64, 130ன்னா 125, 250ன்னா 250. 1987ல இருந்து அவங்களும் ஐஎஸ்ஓ எண்ணுக்கே மாறிட்டாங்க. 100 ஃபிலிம் போட்டா 130ல வெச்சுக்கங்க, ஒண்ணும் ஆவாது.

ஹீலியோஸ் 44-2 லென்ஸை டிஜிட்டல் கேமராவுல போட்டா பின்னாடி சுழல் சுழலா வருதாமே, நிஜமா? என்கிட்ட இருக்கறது நிக்கான் டிஎஸ்எல்ஆர்.
வாசகர், ஆலங்காயம்

நிஜம்தான், ஆனா சும்மா வராது. எஃப்2ல முழுசா திறந்து, ஆளு ஒரு ஒன்றரை மீட்டர்ல நிக்கணும், பின்னாடி தூரமா எலை எலையா வெளிச்சம் பொத்து வர்ற புளியமரம் மாதிரி ஏதாவது இருக்கணும், அப்பதான் சுழலும். வெள்ளைச் சுவர் முன்னாடி நிக்க வெச்சிட்டு சுழல் வரலன்னு எனக்குக் கடுதாசி போடாதீங்க.

நிக்கான்ல ஒரு சிக்கல் இருக்கு. ஹீலியோஸ் எம்42ன்ற திருகு வகை லென்ஸ், அது ஃபிலிம்ல இருந்து 45.46 மில்லிமீட்டர்ல நிக்கணும், நிக்கான்ல லென்ஸ் மாட்டற வளையமே 46.5ல இருக்கு, அதனால அடாப்டர் போட்டா தூரத்துல இருக்கறது ஃபோகஸ் ஆவாது. கிட்டத்துல ஆளு எடுக்கறதுக்கு மட்டும் ஓகே. உள்ள லென்ஸ் கண்ணாடி வெச்ச அடாப்டர் விக்கறாங்க, போட்டா ஃபோகஸ் வரும், ஷார்ப்னெஸ் போயிடும், எனக்குப் பிடிக்கல. கேனான் டிஎஸ்எல்ஆரோ ஏதாவது மிரர்லெஸ்ஸோ வெச்சிருக்கற நண்பர்கிட்ட ஒரு நாள் கடன் வாங்கிப் பாருங்க. இன்னொண்ணு, இதுல அப்பர்ச்சர் தானா மூடாது, ரெண்டு வளையம் இருக்கு, திறந்து வெச்சு ஃபோகஸ் பண்ணிட்டு எடுக்கறதுக்கு முன்னாடி கையால மூடணும். மறந்தா வெயில்ல படம் வெள்ளை வெளேர்தான்.

இந்த ஹீலியோஸுக்கு மூலம் ஜெர்மனியில யெனா ஊரு கார்ல் ஸைஸ் செஞ்ச பயோட்டார் லென்ஸ். நீங்க ஆலங்காயம்ன்றதால சொல்றேன், உங்களுக்கு மேல மலையில காவலூர் ஆய்வுக்கூடத்துல 1972ல வெச்ச ஒரு மீட்டர் டெலஸ்கோப்பும் அதே கார்ல் ஸைஸ் யெனா செஞ்சதுதான், 1977ல யுரேனஸுக்கு வளையம் இருக்கறதை அங்க இருந்தும் பார்த்தாங்க. உங்க லென்ஸுக்கு மலை மேல பெரிய சொந்தக்காரர் இருக்காரு.

பொண்ணுக்கு பன்னெண்டு வயசு. ஃபிலிம் கேமரா வேணும்னு அடம் பிடிக்கறா. வெலை கம்மியா எது வாங்கிக் குடுக்கலாம்?
ஒரு அம்மா, சத்துவாச்சாரி

ஸ்மெனா-8எம். லெனின்கிராட்ல லோமோ தொழிற்சாலை செஞ்ச பிளாஸ்டிக் கேமரா, ரெண்டு கோடிக்கு மேல செஞ்சு தள்ளினாங்க, அதனால வெலை ஏறவே இல்ல. பொம்மை மாதிரி இருக்கும், ஆனா 40 எம்எம் லென்ஸ்ல மூணு நிஜக் கண்ணாடி. சூரியன், மேகம், மழைன்னு படம் போட்டிருக்கும், வானத்தைப் பார்த்து திருப்பினா போதும். தூரத்தை மட்டும் கண்ணால குத்துமதிப்பா போடணும், பாப்பாவை வீட்டுக்குள்ள டேப் வெச்சு ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் அளந்து பழகச் சொல்லுங்க, ரெண்டு நாள்ல நம்மளை விட நல்லா சொல்லும்.

ஃபிலிமை சுத்தறது வேற, ஷட்டரை ஏத்தறது வேற இதுல. சுத்தாமலே மறுபடி எடுத்தா ஒரே படத்துல ரெண்டு படம் விழும். பெரியவங்க அதைத் தப்புன்னுவாங்க, பாப்பா அதையே வேணும்னு பண்ணும் பாருங்க.

வீட்டுலயே கருப்பு வெள்ளை ஃபிலிம் கழுவறேன். டிசம்பர்ல நல்லா வந்துது, ஏப்ரல்ல எல்லாம் கன்னங்கரேல்னு வருது.
வாசகர், வாலாஜா

தண்ணிதான் காரணம். படத்தை வெளிய கொண்டாற டெவலப்பர் கெமிக்கல் டப்பாவுல போட்டிருக்கற நேரம் 20 டிகிரிக்கு. நம்ம ஊர் மாடி டேங்க் தண்ணி ஏப்ரல்ல டீ போடற சூடு, அதுல அதே நேரம் வெச்சா நெகட்டிவ் வெந்துடும். ஒரு அகல டப்புல ஐஸ் தண்ணி வெச்சு அதுக்குள்ள கெமிக்கல் பாட்டில்ங்களை அரை மணி உக்கார வைங்க, தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்க. 20க்கு வரலன்னா 24க்குக் கொண்டாந்து சார்ட் பார்த்து நேரத்தைக் குறைங்க, ஆனா அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ போனா திட்டுத்திட்டா வரும், அதுக்கு கெமிக்கலை இன்னும் நீர்த்து வெச்சுக்கறது தேவல. டெவலப்பரை மட்டும் குளிர வெச்சிட்டு கடைசியா குழாய்த் தண்ணியில அலசாதீங்க, சட்டுனு சூடு மாறினா ஃபிலிம் மேல இருக்கற ஜெலட்டின் சுருங்கி வெடிப்பு விட்ட ஏரி மாதிரி ஆயிடும். அலசற தண்ணியையும் ராத்திரியே மண்பானையில பிடிச்சு வெச்சிடுங்க.